சேம்பர் மூடிகளைத் திறந்து பாருங்கள், பிறகு பணத்தை எடுங்கள்

சென்னையில் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில், அதுவும் தரைத்தளத்தில், குடியிருப்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். சென்ற ஐப்பசி மழையில் மேற்கு மாம்பலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் குளியலறை வழியாகக் கழிவுநீர் மேலேறி வந்தது. எல்லாம் சரியாக ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. மொத்தச் செலவு ஏறத்தாழ 38,000 ரூபாய். அதில் அடைப்பை உண்மையிலேயே நீக்கிய வேலைக்குக் கொடுத்தது 16,500 ரூபாய். சம்ப்பை, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவவும் லாரித் தண்ணீருக்கும் 4,000 ரூபாய். மீதி 17,400 ரூபாயை வாங்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூடக் கட்டடத்தின் சேம்பர் (கழிவுநீர்க் குழாய் வழியில் இடையிடையே இருக்கும் செங்கல் குழி) மூடிகளை வரிசையாகத் திறந்து, எதில் தண்ணீர் நிற்கிறது, எதில் நிற்கவில்லை என்று பார்க்கவில்லை. என் கணவர் வேலை காரணமாக வெளிமாநிலத்தில் இருக்கிறார். வீட்டில் நானும், கைத்தடி ஊன்றி நடக்கும் என் அம்மாவும்தான். முதலில் எதைப் பார்க்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று அந்த நாட்களில் எனக்குச் சொல்ல ஆளில்லை. இதைப் படிக்கும் ஒருவருக்காவது அந்தத் தவிப்பு மிச்சமானால் போதும்.

எங்கள் கட்டடம் 1980களில் கட்டியது. தரைத்தளம், இரண்டு மாடிகள், ஆறு வீடுகள். மேல்வீடுகளின் கழிவுநீர் சுவரோரக் குழாய்களில் இறங்கி, பக்கவாட்டு நடையில் மண்ணுக்கடியில் போகும் ஒரே குழாயில் சேர்கிறது. அந்தக் குழாய் நெடுக நான்கு சேம்பர்கள். நான்காவது, வெளிக்கதவுக்கு அருகில் மதிலை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து தெருவின் பாதாளச் சாக்கடைக்கு இணைப்பு. சாலையின் மேல் சாலையாகப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டதால் எங்கள் வாசல் தெருவைவிட ஒன்றரை அடி தாழ்ந்து கிடக்கிறது. வழி அடைபட்டால் தண்ணீர் மட்டம் ஏறி, எந்த வாய் எல்லாவற்றையும்விடத் தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாகத்தான் வெளியே வரும். எங்கள் வீட்டில் அந்தத் தாழ்வான வாய், குளியலறைத் தரையில் இருக்கும் நானி டிராப், அதாவது தண்ணீர் வடியும் தரைத்துளை. கழிப்பறைக் கோப்பையின் விளிம்பு அதைவிட ஓரடிக்கு மேல் உயரம். ஆகவே கழிப்பறை நன்றாக இருப்பதுபோலத் தெரியும். குளியலறையில்தான் கோளாறு என்று பார்த்தவுடன் தோன்றும். வந்தவர்கள் எல்லாரும் குளியலறையையே பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

அடையாளங்கள் மழைக்கு முன்பே தொடங்கிவிட்டன. மாடியில் யாராவது கழிப்பறையில் தண்ணீர் விட்டால் எங்கள் கோப்பையில் குபுகுபுவென்று காற்றுக் குமிழி வரும். காலை ஏழு மணிக்குக் குளித்தால் தண்ணீர் கணுக்கால்வரை நின்று மெதுவாக இறங்கும்; அதே குளியலறையில் மதியம் இரண்டு மணிக்கு ஒரு தொல்லையும் இருக்காது. இந்த இரண்டையும் யாராவது எனக்கு விளக்கியிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும். அடைப்பு உங்கள் வீட்டுக்குள்ளேயே, நானி டிராப்பிலோ அதை ஒட்டிய குழாயிலோ இருந்தால், நீங்கள் தண்ணீர் விடும்போது மட்டும்தான் தேங்கும். நீங்கள் குழாயைத் தொடாமல் இருக்கும்போதே தரைத்துளையில் தண்ணீர் ஏறினால் அது அடுத்தவர் வீட்டுத் தண்ணீர். அடைப்பு எல்லார் தண்ணீரும் ஒன்றுசேரும் இடத்துக்கு அப்பால் இருக்கிறது. காலையில் மோசமாகவும் மதியத்தில் சாதாரணமாகவும் இருந்தால், பொதுக்குழாய் முழுக்க அடைபடவில்லை, பாதி அடைபட்டிருக்கிறது, கட்டடமே குளித்துத் துவைக்கும் நேரத்தில் அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள்.

முதலில் வந்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கும் பிளம்பர். ரப்பர் பம்பால் அழுத்தினார், நானி டிராப்பின் மூடியைக் கழற்றிக் கொஞ்சம் முடியை எடுத்துப் போட்டார், அடைப்பு நீக்கும் பொடி இரண்டு டப்பா வாங்கிவரச் சொன்னார். அவருக்கு 600, பொடிக்கு 300. இந்தப் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. எண்ணெய்ப் பிசுக்கையும் முடியையும் அது கரைக்கும். சமையலறைத் தொட்டிக்கு அடியில் உள்ள வளைவில் பிசுக்குப் படிந்திருந்தால் பலன் உண்டு. துணி, பிளாஸ்டிக், நாப்கின், மண், வேர் ஆகியவற்றை அது ஒன்றும் செய்யாது. பல அடி தூரத்தில் இருக்கும் அடைப்பிடம் போவதற்குள் நீர்த்துப்போகும். பொடியை நிறையக் கொட்டித் தண்ணீர் போதாமல் விட்டால் அதுவே கல்லாக இறுகி இன்னோர் அடைப்பாகும். அதைவிட முக்கியம்: பொடி போட்ட இடத்தில் குளியலறை ஆசிட்டை ஊற்றவே கூடாது, கொதித்துக் கண்ணில் தெறிக்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். நீங்கள் ஏற்கெனவே எதை ஊற்றியிருந்தாலும் அடுத்து வரும் வேலையாளிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் வெறுங்கையை விடப்போவது அந்தத் தண்ணீரில்தான்.

அதற்கடுத்த வாரம் இரவு முழுக்க மழை. விடியற்காலையில் அம்மா கூப்பிட்ட குரல் கேட்டு எழுந்து விளக்கைப் போட்டால், குளியலறை நிலைப்படியைத் தாண்டிக் கூடத்தின் பாதிவரை கறுத்த தண்ணீர். அதில் மிதந்து வந்தவற்றை நான் விவரிக்கப் போவதில்லை. அம்மா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபமோ அழுகையோ அல்ல, வெட்கம். யாரும் வீட்டுக்குள் வந்து பார்த்துவிடக் கூடாதே என்ற வெட்கம். அது என் வீட்டு அழுக்கே அல்ல என்றாலும் உடம்பெல்லாம் கூசியது. அன்றே அம்மாவைக் குரோம்பேட்டையில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பிறகு பல நாட்கள் வாளியும் முறமுமாக அள்ளிக் கொட்டுவதே வேலை. அலுவலகத்தில் பக்கத்தில் உட்காருபவருக்குப் புடவையில் நாற்றம் அடிக்குமோ என்று எண்ணி எண்ணியே ஒடுங்கிப்போனேன்.

அடுத்து, விளம்பரத்தில் 499 ரூபாய் என்று போட்டிருந்த ஒரு நிறுவனத்தை அழைத்தேன். சுழலும் ஸ்பிரிங் இயந்திரத்துடன் இருவர் வந்தார்கள். 499 என்பது வந்து பார்ப்பதற்கான கட்டணம், வேலைக்கு அடிக்கு 150 ரூபாய் என்பதை இயந்திரத்தை இறக்கிய பிறகுதான் சொன்னார்கள். தரையில் தண்ணீர் நிற்கும்போது பேரம் பேசத் தெம்பு ஏது? நானி டிராப் வழியாக ஸ்பிரிங்கை விட்டு 50 அடி போனதாகக் கணக்குச் சொல்லி, வருகைக் கட்டணத்தோடு 8,000 ரூபாய் வாங்கினார்கள். தண்ணீரும் இறங்கியது. அப்போது நேரம் பகல் பன்னிரண்டு. மழை விட்டிருந்தது, மாடியில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மறுநாள் காலையிலேயே பழைய கதை. பின்னால் வந்த பெரியவர் அளந்து காட்டினார்: எங்கள் நானி டிராப்பிலிருந்து முதல் சேம்பர் வெறும் 12 அடி. மிச்சமெல்லாம் அந்தச் சேம்பருக்குள் போய்ச் சுருண்டு கிடந்திருக்கிறது. அடிக்கணக்கில் பணம் கேட்பவரிடம் அந்தப் பக்கத்துச் சேம்பரைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்கின் முனை அங்கே எட்டிப் பார்த்தால் கணக்கு அத்தோடு முடிந்தது. பணத்தைக் கொடுப்பதற்கு முன் மேல்வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் கழிப்பறைத் தண்ணீரையும் குழாய்களையும் திறந்துவிடச் சொல்லி, அரைமணி நேரமாவது கடைசிச் சேம்பரில் ஓட்டத்தைப் பாருங்கள். இதைக் காலையில் செய்ய வேண்டும். ஆளில்லாத பகல் வேளையில் எந்த அடைப்பும் நீங்கிவிட்டதுபோலத்தான் தெரியும்.

இன்னொருவர் வந்தார். குளியலறைத் தரைக்கு அடியில் குழாய் தாழ்ந்துவிட்டது, டைல்ஸை உடைத்து முழுவதும் மாற்ற வேண்டும், 45,000 ஆகும் என்றார். முன்பணமாக 5,000 வாங்கினார். சாமான் வாங்கிவருவதாகப் போனவர் திரும்பவில்லை, தொலைபேசியையும் எடுக்கவில்லை. வேறு எண்ணிலிருந்து ஒருமுறை பிடித்தபோது, சாமான் வாங்கியாகிவிட்டது, பணம் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார். உடைக்கும் வேலைக்கு யார் விலை சொன்னாலும், உடைக்கப் போகும் இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சேம்பர்களில் என்ன பார்த்தீர்கள் என்று அவரைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது யூகம்தான்.

பிறகுதான் கழிவுநீர் உறிஞ்சும் தனியார் லாரி. 3,500 ரூபாய். முதல் இரண்டு சேம்பர்களைத் திறந்து, இரண்டாவதில் குழாயை விட்டு உறிஞ்சினார்கள். லாரி உறிஞ்சுவது தேங்கிய தண்ணீரைத்தான், அடைப்பை அல்ல. வழி அடைபட்டபடியே இருந்தால் மேல்வீடுகளின் தண்ணீர் சில மணி நேரத்தில் மறுபடி நிரப்பிவிடும். பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாமல் கழிவுநீர்த் தொட்டி வைத்திருக்கும் புறநகர் வீடுகளுக்கு இந்த லாரி சரி. எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு வேளை மூச்சுவிடும் அவகாசம், அவ்வளவே.

அன்று நடந்ததை நான் மறக்க மாட்டேன். உறிஞ்சியும் வழி திறக்காததால், வந்தவர்களில் இருபது வயதுகூட நிரம்பாதவன்போல இருந்த ஒரு பையன் சட்டையைக் கழற்றிக் கம்பிமேல் போட்டான். கூடுதலாக 1,000 ரூபாய் கொடுத்தால் இவன் உள்ளே இறங்கிக் கையால் எடுத்துவிடுவான் என்றார் அவனை அழைத்துவந்தவர். நாலடி ஆழம்தானே அம்மா, தினமும் செய்வதுதான் என்றார். நான் சேம்பருக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். வேண்டாம் தம்பி, சட்டையைப் போட்டுக்கொள் என்றேன். இதற்குமேல் ஒரு நிமிடம்கூட இங்கே வேலை நடக்கக் கூடாது என்று அவர்களை அனுப்பிவிட்டேன்.

இதை நீங்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதக் கழிவை மனிதர் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றம் ஆக்கியிருக்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ யார் அமர்த்தினாலும் குற்றம்தான். முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரர் என்பதால் நமக்கு விலக்கு எதுவும் இல்லை. இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அழுகும் கழிவிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடிவிட்டால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக் குனிபவர் அப்படியே சாய்வார், தூக்கப் போகும் அடுத்தவரும் சாய்வார். நாம் செய்தித்தாளில் படிக்கும் இரட்டை மரணங்கள் பலவும் இப்படி நேர்ந்தவைதான். என் வீட்டு நாற்றம் போவதற்காக ஒரு தாய் பெற்ற பிள்ளை உள்ளே இறங்க வேண்டியதில்லை. எத்தனை நாள் அள்ளிக் கொட்ட வேண்டியிருந்தாலும் கொட்டலாம்.

அன்று மாலை முதல் மாடி அக்காதான், குடிநீர் வாரியத்தில் புகார் கொடுத்தாயா என்று கேட்டார். சென்னையில் கழிவுநீர் என்பது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. பலருக்கும் இந்த வேறுபாடு தெரியாமல் எண் மாறிப் போய்விடுகிறது. பாதாளச் சாக்கடை அடைப்புக்கு வாரியத்தின் 1916 அல்லது 044-4567 4567. மழைநீர் வடிகாலுக்கு மாநகராட்சியின் 1913. புகார் சொல்லும்போது தெரு, கதவு எண் ஆகியவற்றோடு, கழிவுநீர் வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதையும் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இதில் தீராவிட்டால், ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு நேரில் போகலாம். எனக்கு அந்தத் தேவை வரவில்லை. மறுநாளே, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை நீக்கும் ஜெட் ராடிங் வாகனத்துடன் ஊழியர்கள் வந்தார்கள். கொக்கி போட்டுத் தெருவின் மூடியைத் திறந்து என்னையும் அழைத்துக் காட்டினார்கள். ஆழத்தில் தண்ணீர் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, உங்கள் கடைசிச் சேம்பர் எங்கே என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. வெளிக்கதவு ஓரமாக இருந்த செடித் தொட்டிகளை நகர்த்தி அவர்களே கண்டுபிடித்தார்கள். அது ஏறக்குறைய காய்ந்து கிடந்தது. அவர்களில் மூத்தவர் சொன்னார்: "அம்மா, தெருவில் கோளாறு இல்லை. கடைசிச் சேம்பருக்குத் தண்ணீரே வரவில்லை. அடைப்பு உங்கள் மதிலுக்கு உள்ளே, இந்தச் சேம்பருக்கு முன்னால் இருக்கிறது." ஒரு ரூபாய் செலவில்லாமல், பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

இந்த ஒரு பரிசோதனைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கடைசிச் சேம்பர் நிரம்பி வழிந்தால் அடைப்பு அதற்கும் தெருவுக்கும் இடையில் அல்லது தெருவில். வாரியத்தைக் கூப்பிடுங்கள், தனியாருக்குப் பணம் கொடுக்காதீர்கள். கடைசி காய்ந்து முந்தையது நிரம்பியிருந்தால் அந்த இரண்டுக்கும் இடையில். எல்லாச் சேம்பரும் காய்ந்து, உங்கள் குளியலறையில் மட்டும் தண்ணீர் நின்றால் வீட்டுக்குள். சேம்பரைத் திறக்கும்போது முகத்தைக் குழிக்கு நேர் மேலே கொண்டுபோய்க் குனியாதீர்கள், தீக்குச்சி பக்கத்தில் வேண்டாம், திறந்த மூடிக்கு அருகில் குழந்தைகள் வரக் கூடாது. தெருவில் உள்ள மூடியை நாமாகத் திறக்கவே கூடாது.

சைதாப்பேட்டைத் தோழி ஒருத்தி அனுப்பிய பெரியவர்தான் வேலையை முடித்தார். வந்ததும் வீட்டுக்குள்ளே நுழையவில்லை. சேம்பர் எத்தனை, எல்லாவற்றையும் திறக்கலாமா என்றுதான் கேட்டார். மூன்றாவதின் மேல் யாரோ எந்தக் காலத்திலோ துவைக்கும் கல்லைப் போட்டு வைத்திருந்தார்கள்; அதைப் புரட்டினால் விளிம்புவரை தண்ணீர். நான்காவது காய்ந்து கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 14 அடி. அந்த 14 அடிக்கு நேர் மேலே மதிலில் இடுப்பளவு வளர்ந்த ஓர் அரசங்கன்று. அதைக் காட்டிவிட்டு, இனி நான் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

தோண்டியபோது கண்டது இது. பழைய பீங்கான் குழாய்கள் இரண்டிரண்டு அடித் துண்டுகள். ஒவ்வொரு இரண்டடிக்கும் ஒரு சிமெண்டு இணைப்பு. அந்த இணைப்பு ஒன்று விரிந்து, விரல் நுழையாத அந்த இடுக்கு வழியாக வேர் உள்ளே போயிருந்தது. வெளியே நூல் பருமன்தான். உள்ளே ஈரத்தைக் கண்டதும் பரவிக் கிளைத்து, குழாய் முழுக்க அடைத்துக்கொண்டு, நெருக்கிப் பின்னிய சடை போல ஒரு கைநீளத்துக்குத் திரண்டிருந்தது. அதன் இழைகளில் சோற்றுப் பருக்கை, தலைமுடி, காபித் தூள், நாப்கின் பஞ்சு எல்லாம் மாட்டி, மேலே எண்ணெய் வெள்ளையாக உறைந்து மெழுகியிருந்தது. பெரியவர் அதை மண்வெட்டி முனையில் தூக்கிப் போட்டபோது தொப்பென்று ஈர மூட்டை விழும் சத்தம் கேட்டது. அடுத்த கணம் மூன்றாவது சேம்பரில் நின்ற தண்ணீர் சரசரவென்று இறங்கத் தொடங்கியது. என்னையும் அறியாமல் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பழைய குழாயை எடுத்துவிட்டு ஆறங்குல பிவிசி குழாய் போட்டார். சரிவை அவர் எப்படிப் பார்த்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேலை முடிந்து மண்ணைத் தள்ளிய பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது. நான்கு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி, ஆறு அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு 1 அடி இறக்கம் என்பது பழைய கணக்கு. எங்கள் 14 அடிக்கு ஏறத்தாழ மூன்று அங்குலம். தண்ணீர் நிரப்பிய டியூபை இரு முனையிலும் பிடித்து மட்டம் பார்த்து, அதிலிருந்து மூன்று அங்குலம் இறக்கினார். குழாய்க்கு அடியில் மணல் இட்டு, மூடுவதற்கு முன் இரண்டாம் மாடியிலிருந்து தண்ணீர் விடச் சொல்லி ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பார்த்தார். குழாய், சிமெண்டு, மணல், செங்கல் 5,500, கூலி 9,000, மண் அகற்றவும் புதிய மூடிக்கும் 2,000. வேலை தொடங்கும் முன்பே இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், கடைசியில் அதற்குமேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. அரசங்கன்றை வெட்டினால் மட்டும் போதாது, மதிலுக்குள் போன வேரையும் பெயர்த்தெடுத்துப் பூச வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழைக்கே துளிர்க்கும் என்றார். அதையும் செய்தோம்.

இடையில் ஒன்றை விட்டுவிட்டேன். வரிசைப்படி இது முன்னாலேயே வந்திருக்க வேண்டும். கழிவுநீர் மேலேறிய முதல் நாளே நீங்கள் செய்ய வேண்டியது சம்ப் மோட்டாரை நிறுத்துவது. எங்கள் தரைத்தொட்டி மூன்றாவது சேம்பரிலிருந்து ஆறடி தள்ளித்தான் இருக்கிறது. சேம்பர் நிரம்பி நிற்கும்போது அதன் செங்கல் சுவர் வழியாகக் கசியும் தண்ணீர், தொட்டியில் விரிசல் இருந்தால் உள்ளே போய்விடும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீரில்தான் மஞ்சள் காமாலையும் டைபாய்டும் வருகின்றன. முதல் மாடிக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது. உடனே ஆறு வீடுகளுக்கும் சொல்லி மோட்டாரை நிறுத்தி, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீர் மாதிரியைக் கொடுத்தோம். குடிக்க ஏற்றதல்ல என்று வந்தது. தொட்டியை முழுவதும் வெளியேற்றி, விரிசலைப் பூசி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். மாடித் தொட்டியையும் அப்படியே. குழந்தை தேறிவிட்டது. வீட்டுத் தரையைக் கழுவும்போதும் வெறுங்காலோடு நிற்காதீர்கள். ரப்பர் செருப்பும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், காலில் ஆறாத புண் இருப்பவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

செலவைப் பங்கிடுவது தோண்டுவதைவிடக் கடினமாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு தொல்லையும் இல்லையே, நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று இரண்டாம் மாடி சார் கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரிவதில்லை, அவ்வளவுதான். வேலை தொடங்குவதற்கு முன் பெரியவர் ஒரு வழி சொன்னார். இரண்டாம் மாடிச் சமையலறைத் தொட்டியில் ஒரு சொட்டு நீலப் புட்டியைக் கவிழ்த்து, இரண்டு வாளித் தண்ணீர் விடச் சொன்னார். சாரைக் கீழே அழைத்துவந்து என் குளியலறை வாசலில் நிறுத்தினோம். சற்று நேரத்தில் தரையில் நின்ற தண்ணீரில் நீலம் படர்ந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. மாலையே தன் பங்கு 2,750 ரூபாயைக் கொண்டுவந்து கொடுத்தார், தோண்டிய நாட்களில் அவர் வீட்டில் துவைக்கும் இயந்திரத்தையும் ஓட்டவில்லை. குழாய் பொதுவானது, ஆகவே செலவும் பொதுவானது என்று வாயால் சொல்லி வாங்க முடியாததை ஒரு புட்டி நீலம் வாங்கிக்கொடுத்தது. உங்கள் கட்டடத்தில் இப்படிப் பேச்சு வந்தால் இதைச் செய்து காட்டுங்கள்.

இப்போது மூன்றாவது, நான்காவது சேம்பர் மூடிகளின் மேல் எதையும் வைக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். எந்தச் சேம்பர் எங்கே, குழாய் எந்தப் பக்கம் போகிறது, எத்தனை அடி என்று ஒரு தாளில் வரைந்து மின்பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் கொட்டாமல் பழைய புட்டியில் ஊற்றிக் குப்பையில் போடுவது, நாப்கினைக் காகிதத்தில் சுற்றித் தனியே வைப்பது, சமையலறைத் தொட்டியில் சல்லடை போடுவது ஆகியவற்றை எல்லா வீடுகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

ஒன்று மட்டும் பாக்கி. மழை பெய்த இரவில் மட்டும் தண்ணீர் அவ்வளவு வேகமாக ஏறியதற்குக் காரணம், மொட்டைமாடி மழைநீர்க் குழாய் ஒன்றை யாரோ இரண்டாவது சேம்பருக்குள் இணைத்து வைத்திருந்தது. பாதாளச் சாக்கடை மழைநீருக்காகப் போட்டதல்ல. ஊரில் எல்லாரும் இப்படி இணைத்தால் தெருவின் குழாயே பொங்கித் தாழ்வான வீடுகளுக்குள் திரும்பும். அதைப் பிரித்து மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பப் பெரியவர் 3,200 ரூபாய் கேட்டிருக்கிறார். எங்கள் கட்டடத்திலேயே பூட்டிக் கிடக்கும் எதிர்வீட்டின் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், அவர் பங்கு இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் புரட்டாசிக்குள் அந்த வேலையை முடித்துவிடுவது என்று மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் பேசி வைத்திருக்கிறோம்.